எண்ணெய் விடாத நாட்கள்

உங்கள் படிவத்தில் எழுத இடம் போதவில்லை, டாக்டர். ‘தொந்தரவு முதலில் எப்போது தொடங்கியது’ என்ற கேள்விக்கு நேராக ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கிறீர்கள். அதில் மிஞ்சிப்போனால் ஒரு தேதியை எழுதலாம். அதனால் தனித்தாளில் எழுதிப் படிவத்தோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் திருப்புளி பிடிக்கிற கை.

நோயாளிக்கு நான் என்ன உறவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவன் என் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். இப்போது வயது இருபத்தொன்பது ஆகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கிட்டார் பழுதுபார்க்கிறவன். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே என் பட்டறை. அவன் கிட்டார் வாசிக்கிறவன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து நீங்கள் விளக்கியதைக் கவனமாகத்தான் கேட்டேன். சின்னவனுக்கு இரண்டு காதிலும் ஒரே ஒலி வேறு வேறு சுருதியில் கேட்கிறது. இரண்டு வருடமாக ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் ஏறி இறங்கி வந்திருக்கிறது. வெறும் சத்தத்தால் கெட்ட காது அப்படி ஏறி இறங்காது, இது உள்காதில் நீர் அழுத்தம் கூடுகிற நோய் என்றீர்கள். வருகிற வியாழக்கிழமை வலது காதின் பின்னால் எலும்பைத் திறக்கப்போகிறீர்கள். மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போனால் போகலாம் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டீர்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டியதும் கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் தப்பான இடத்தைத் திறக்கப்போகிறீர்கள். கோளாறு ஓரிடத்தில் இருக்க இன்னோரிடத்தைக் கழற்றிப் போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிருக்கிறது. பட்டறைக்கு வருகிற வேலையில் பாதி, வேறு யாரோ அப்படிக் கழற்றிக் கெடுத்ததுதான். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைத்த விவரம் அப்படி. அந்த விவரத்தைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். சாதாரணக் கிட்டாரில் கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ், மரத்தோடு இறுக்கித் திருகப்பட்டிருக்கும். அசையாது. சின்னவன் வாசிப்பது மிதக்கும் பிரிட்ஜ். அந்த இரும்புத் தகடு மரத்தில் எங்கும் ஒட்டாமல் இரண்டு குட்டித் தூண்கள்மேல் தன் கூர்விளிம்பால் நிற்கும். அந்த விளிம்பைக் கத்திமுனை என்போம். முன்பக்கம் ஆறு கம்பிகள் தகட்டை இழுக்கும். கிட்டாரின் முதுகுக் குழியில் இருக்கும் மூன்று ஸ்பிரிங்குகள் அதைப் பின்னால் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமானால் தகடு மட்டமாக நிற்கும். அதில் ஒரு கைப்பிடி செருகியிருக்கும். அழுத்தினால் சுருதி வழுக்கி இறங்கும், விட்டால் தகடு பழைய இடத்துக்கே திரும்பி வரவேண்டும்.

வரவேண்டும் என்று எழுதிவிட்டேன். வராது. இருபத்திரண்டு வருடமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருப்பது இந்த வராததுதான். ஒரு கம்பியை இறுக்கினால் தகடு ஒரு நூலளவு முன்னால் சாயும், மற்ற ஐந்தும் தளரும். அந்த ஐந்தையும் சரிசெய்வதற்குள் முதல் கம்பி போயிருக்கும். மேடையில் ஒரு கம்பி அறுந்தால் மிச்சம் ஐந்தும் சேர்ந்து பல்லிளிக்கும். வெயிலில் ஒரு சுருதி, மழையில் ஒரு சுருதி. நேற்று சரிசெய்து கொடுத்ததை இன்று காலை எட்டு மணிக்கே தூக்கிக்கொண்டு வந்து, “என்ன சார், செஞ்சீங்களா இல்லையா?” என்று கேட்பவர்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் அந்தத் தகட்டைக் கண்டுபிடித்தவரை ஒரு வாரம் என் ஸ்டூலில் உட்காரவைப்பேன்.

ஆனாலும் அந்த வேலையில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. இது பெருமைக்குச் சொல்வதல்ல, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

இதில் சின்னவனின் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். அது உங்கள் மெஷின்களில் பதிவாகாத காது. குக்கர் விசில் எந்தச் சுருதி என்று சொல்வான். லிஃப்ட் மணி போன வாரத்தைவிட இறங்கியிருக்கிறது என்பான், அடுத்த வாரம் லிஃப்ட் நின்றுபோகும். டியூனர் என்று ஒரு கருவி உண்டு, கம்பி சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சுருதி சேர்ப்பார்கள். அவன் அதை வைத்துக்கொண்டதே இல்லை. அவன் வாசித்த இசைக்குழுவில் எல்லோரும் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது அந்தக் காதுக்காகத்தான்.

குழுவோடு நானும் போவேன். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை, ஒரு விளக்கு, டியூனர், திருப்புளிகள். அவனுடைய கிட்டார்கள் எல்லாம் என் கையில். எட்டு வருடம் அப்படிப் போனது. எட்டு வருடமும் தினமும் நடந்தது ஒன்றுதான். நான் மூன்று மணி நேரம் முதுகு ஒடிய உட்கார்ந்து சரிசெய்து, ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தபின் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் வாங்கி, தலையைச் சாய்த்து, ஒரு கம்பியை விரலால் தொடுவான். கண்ணை மூடிக்கொள்வான்.

“மூணாவது கொஞ்சம் கீழ நிக்குது அத்தான்.”

நான் கேட்டுப்பார்ப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது. டியூனரில் பச்சை அப்படியே எரியும். அவனே கிட்டார் கழுத்தின் நுனியில் இருக்கும் திருகியை ஒரு மயிரிழை நகர்த்துவான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் மனம் நோகக்கூடாதே என்று, “பரவாயில்ல அத்தான்” என்பான்.

அந்தப் பரவாயில்லையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சமையல் சுமார்தான் என்றால் சாப்பிடுகிறவர் சொல்கிற சொல் அது. காலை மிதித்துவிட்டவரிடம் சொல்கிற சொல். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கும் தெரியும். எட்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், வெறுமனே, “சரியா இருக்கு அத்தான்” என்று சொல்லிவிட்டு மேடை ஏறியிருக்கலாம். அதற்கு என்ன செலவு ஆகிவிடும்? ராத்திரியும் பகலும் அவனுக்காகவே உட்கார்ந்த எனக்கு அந்த மூன்று சொல் கிடைக்கவில்லை. என் மனைவியிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். “அவனுக்கு அப்படித்தாங்க கேக்குது, அவன் என்ன பண்ணுவான்?” என்றாள். அவள் தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இனி நீங்கள் கேட்ட தேதிக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை மாலை ஒத்திகை. கத்திமுனையில் எங்கோ ஒரு பிசிறு எழுந்திருந்தது. தேய்மானத்தில் வருவது, யார் மேலும் தப்பில்லை. அந்தப் பிசிறு தூணில் தட்டுவதால், கைப்பிடியை அழுத்தி விட்டதும் தகடு முழுதாகத் திரும்பாமல் சற்றே முன்னால் சாய்ந்து நின்றது. ஆறு கம்பியும் ஒருசேர இறங்கின. சின்னவன் பாதிப் பாட்டில் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். “எல்லாமே கீழ இறங்கிருச்சு அத்தான்” என்றான்.

நான் கிட்டாரை வாங்கி மேசையில் வைத்தேன். வைக்கும்போது வழக்கம்போல உள்ளங்கையால் தகட்டின் பின்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தினேன். தடுக்கி நின்ற தகடு அதன் இடத்துக்குப் போய்விட்டது. டியூனரில் ஆறு கம்பியும் பச்சை. அன்று காலையிலிருந்து மூன்று பேர் என்னிடம் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். கடுப்பில் இருந்தேன். விளக்கைச் சுட்டிக்காட்டி, “மெஷின் சரின்னு சொல்லுது. உன் காதைப் பாரு” என்றேன்.

எரிச்சலில் வந்த பேச்சுதான். அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் விளக்கைப் பார்த்தான், கம்பியைத் தட்டிக் கேட்டான். கம்பி சரியாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன் இல்லை. முதல் தடவையாக அவன் முகத்தில் குழப்பம் வந்தது. “அப்படியா அத்தான்? எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்குமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அன்று பரவாயில்லை என்று சொல்லவில்லை.

எனக்குச் சட்டென்று மூச்சு லேசானது. நெஞ்சில் இத்தனை நாள் ஏதோ ஏறி உட்கார்ந்திருந்தது என்பதே அது இறங்கியபோதுதான் தெரிந்தது.

அந்தப் பிசிறை மறுநாளே தேய்த்து எடுத்திருக்கவேண்டும். பத்து நிமிட வேலை. எடுக்கவில்லை. நாலைந்து நாளில் அது தானாகவே தேய்ந்து சரியாகிவிட்டது, அவனும் பழையபடி மூணாவது கம்பி, இரண்டாவது கம்பி என்று ஆரம்பித்தான். ஆகஸ்ட் மூன்றாம் தேதி, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்திமுனையின் இடது பக்கத்தில் ஊசி அரத்தால் ஒரே ஒரு கீறல் போட்டேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவனுடைய இரண்டாவது கிட்டாரிலும் அதே இடத்தில் போட்டேன். ஆக, உங்கள் படிவத்துக்கான தேதி ஆகஸ்ட் மூன்று.

அந்தக் கீறலில் ஒரு வசதி இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இரண்டு நாளைக்குத் தகடு வழுக்கிக்கொண்டு ஒழுங்காகத் திரும்பும். எண்ணெய் காய்ந்தால் தடுக்கும். எண்ணெய் விட்ட நாளில் அவனுக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. விடாத நாளில் வாசிக்க வாசிக்கச் சுருதி நழுவும், அவன் வேர்த்துப்போய் என் மேசைக்கு வருவான், என் உள்ளங்கை பட்டதும் எல்லாம் பச்சையாகிவிடும். அவனே திருகியைத் திருகி ஏற்றிப்பார்த்தால் இன்னும் மோசம். தகடு திடீரென்று தன் இடத்துக்குத் திரும்பும்போது ஏற்றிய கம்பியெல்லாம் தாறுமாறாக மேலே போய் நிற்கும். “நீ காதால சேத்துச் சேத்துத்தான் கெடுக்கறே. இனிமே திருகியத் தொடாதே, எங்கிட்டக் கொண்டா” என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதற்குப்பின் தொடவில்லை. திருப்புளியை நான் அவன் கையில் கொடுத்ததே கிடையாது, பிரிட்ஜைப் பற்றி அவனுக்கு அரிச்சுவடியும் தெரியாது.

நோய் எப்படி இருக்கிறது என்று தினமும் குறித்துவரச் சொல்லி ஒரு டைரி கொடுத்தீர்கள். பழைய நாட்களையும் ஞாபகப்படுத்தி எழுதச் சொன்னீர்கள். நிகழ்ச்சித் தேதிகளை வைத்து அவன் பொறுமையாக எழுதியிருக்கிறான், நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஞாபகப்படுத்தினேன். அதில் மோசம், மோசம், நல்ல நாள் என்று வருகிறதே, அதைப் பார்த்துத்தான் நீங்கள் ஏறி இறங்குகிற நோய் என்றீர்கள். அதில் முதல் பதினான்கு மாதம் மோசம் என்று இருப்பவை எல்லாம் நான் எண்ணெய் விடாத நாட்கள். நீங்கள் ஒரு பிரிட்ஜின் கோளாறைக் காதில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், டாக்டர். இத்தனை படித்தவர் என்பதால்தான் எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நடுவில் அவன் ஒரு தடவை நெருங்கி வந்துவிட்டான். “அத்தான், பின்னாடி குழியில ஒரு மரக்கட்டைய வெச்சு பிரிட்ஜை அசையாம அடைச்சிரலாமா? கைப்பிடி இல்லாமலே வாசிச்சுக்கறேன்” என்று கேட்டான். சரியான யோசனை. ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டை போதும், கிட்டார் பாறைபோல நிற்கும். நான் சிரித்துவிட்டேன். அடைத்தால் நாதமே செத்துவிடும், உன் காதில் குறையை வைத்துக்கொண்டு கிட்டாரை ஏன் கொல்கிறாய் என்றேன். ‘நாதம்’ என்றால் போதும், வாசிக்கிறவர்கள் அடங்கிவிடுவார்கள். வீட்டில் அசையாத பிரிட்ஜோடு ஒரு பழைய கிட்டார் இருந்தது. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று பிரித்து வைத்தேன். ஒரு வருடம் பட்டறையில் அப்படியே கிடந்தது.

குழுவில் கீபோர்டு வாசிப்பவர் நல்ல மனிதர். அவரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “தம்பி வாசிக்கறது அடிக்கடி விலகுதே, கிட்டார்ல ஏதாவது?” என்றார். டியூனரைக் காட்டினேன். காது சரியில்லாததால் விரலால் கம்பியை இழுத்து இழுத்துத் தப்பான இடத்தில் நிறுத்துகிறான் என்று விளக்கினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவர் அதோடு விட்டுவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் என்னால் சமாளித்திருக்க முடியுமா என்று இப்போதும் யோசிப்பேன்.

அந்த வருடக் கடைசியில் என் மனைவி பிடிவாதமாக அவனை வேறொரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். எல்லாம் நூற்றுக்கு நூறு என்று ரிப்போர்ட் வந்தது. அக்காவும் தம்பியும் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். “பீப் பீப்னு சத்தம் கேக்குதானு மட்டும்தான் அதுல பாப்பாங்க. சுருதியா பாப்பாங்க?” என்று கேட்டேன். இரண்டு பேர் முகமும் வாடிப்போயின. அந்த ரிப்போர்ட்டை உங்களிடம் காட்டவில்லை, தொலைந்துவிட்டதாகச் சொன்னேன். மன்னிக்கவும். இதோடு வைத்திருக்கிறேன், தேதியைப் பாருங்கள். அன்றைக்கு அவன் காதில் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான்.

பதினான்கு மாதம் ஆனபோது குழு ஒரு நீண்ட சுற்றுப்பயணத்துக்குத் தயாரானது. அவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சு வந்தது. மூன்று மாதத்தில் சரியாகி வரச்சொன்னார்கள். அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். “இது போச்சுன்னா எனக்கு வேற எதுவும் தெரியாது அத்தான்” என்றான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்போதே எண்ணெய்ப் புட்டியை எடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவன் அடுத்ததாகக் கேட்டது, “நான் என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்க” என்பது. பதினைந்து வருடத்தில் அவன் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

காதையும் பயிற்சியால் சரிசெய்யலாம் என்றேன். பின்னறையில் பெரிய ஆம்ப்ளிஃபையரை வைத்து, ஜன்னல்களை மெத்தையால் அடைத்து, காது உயரத்துக்கு ஸ்பீக்கரைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தேன். “சத்தம் அதிகமானாத்தான் சின்ன வித்தியாசம் தெரியும். கிட்ட உக்காந்து ஒரே சுரத்தத் திருப்பித் திருப்பிக் கேளு. வலது காதைக் காட்டிக் கேளு” என்றேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மூன்று மாதம். அவன் நான் சொன்னதைவிட ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்தான். மேல்மாடி வீட்டிலிருந்து புகார் வந்தது. என் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள்.

இரண்டாவது வாரம் அவன் கேட்டான். “அத்தான், நீங்க மேடையில வெச்சுக்கறீங்களே, அந்த அடைப்பான், அத நானும் வெச்சுக்கட்டுமா? ரொம்ப இரையுது.”

காதில் வைக்கிற பஞ்சு அடைப்பானைச் சொன்னான். என் மேசை டிராயரில் ஒரு டப்பா நிறைய எப்போதும் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அது இல்லாமல் நான் மேடைப் பக்கம் போனதில்லை. இந்தத் தொழிலில் காது எப்படிப் போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் குருவாக இருந்தவருக்கு ஐம்பது வயதில் கத்திப் பேசினால்தான் கேட்கும். “அத வெச்சா சுருதி எப்படித் தெரியும்? கொஞ்ச நாள் பொறுத்துக்கோ” என்றேன். பொறுத்துக்கொண்டான்.

மூன்று மாதம் முடிவதற்குள் ஒரு காலை, பல் தேய்க்காமல்கூட என் கட்டிலருகில் வந்து நின்றான். அவன் கண்ணில் இருந்த பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. “அத்தான், ஒரே சுரம் ரெண்டு காதுலயும் வேற வேறயாக் கேக்குது. வலது பக்கம் விசில் நிக்கவே மாட்டேங்குது” என்றான். அன்றுதான் நோய் ஆரம்பித்தது. படிவத்தில் இரண்டு தேதிக்கு இடம் இருந்தால் இதை இரண்டாவதாக எழுதிக்கொள்ளுங்கள், டிசம்பர் இருபது. நீர் அழுத்தமெல்லாம் கிடையாது, டாக்டர். வெறும் சத்தம். எலும்பைத் திறந்து அதைச் சரிசெய்ய முடியாது என்று நீங்களே போன செவ்வாய்க்கிழமை சொன்னீர்கள்.

குழு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனது. நானும் போகவில்லை, கூப்பிட்டார்கள். இவனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அவர்கள் போன அன்று பட்டறைக்கு வந்து அவன் கிட்டாரை முழுதாகக் கழற்றினேன். கீறிய கத்திமுனையை எண்ணெய்க்கல்லில் தீட்டி, பாலிஷ் போட்டு, கண்ணாடிபோல ஆக்கினேன். தூண்களை மாற்றினேன். மூன்று ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டேன். நாலு நாள் ஆனது. என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. கைப்பிடியைத் தரையைத் தொடுகிற மாதிரி அழுத்தி விட்டாலும் தகடு மயிரிழை பிசகாமல் வந்து நின்றது. நூறு தடவை செய்துபார்த்தேன். வெயிலில் வைத்தேன், மழைக்காற்றில் வைத்தேன், அசையவில்லை. இருபத்திரண்டு வருடம் என்னை ஏய்த்த தகடு கடைசியில் என் சொல் கேட்டது.

அதை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினான், தலையைச் சாய்த்தான், மூன்றாவது கம்பியைத் தொட்டான். கண்ணை மூடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கு என்ன தெரியும் அத்தான்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இத்தனை வருடம் சரியில்லாததை எல்லாம் சரியாகக் கண்டுபிடித்தவன், சரியாக இருக்கிற ஒரே ஒரு நாளில் அதைச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கிட்டார் இப்போது கூடத்தில் தொங்குகிறது. போகும்போதும் வரும்போதும் நான்தான் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். அது நன்றாக இருக்கிறது என்று இந்த வீட்டில் சொல்ல ஆளில்லை.

ஆக நடந்தது இவ்வளவுதான். கீறலைப் போட்டது நான், எண்ணெயை நிறுத்தியது நான், ஸ்பீக்கரை அவன் காதுப்பக்கம் திருப்பிவைத்ததும் நான்தான். ஏன் என்று நீங்கள் கேட்கலாம், படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. அவன் காதை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. நான் வேலை செய்தது முழுக்கக் கிட்டாரில்தான். அவனை நான் கைவிடவும் இல்லை. வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறேன், தலைசுற்றினால் தாங்கிப் பிடிக்கிறேன், உங்கள் மருத்துவமனையில் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தகப்பன்கூட இதற்குமேல் செய்யமாட்டான்.

வியாழக்கிழமை சிகிச்சையை நிறுத்திவிடுங்கள். அது வீண். போலீஸுக்குச் சொல்லவேண்டும் என்று உங்கள் விதிகளில் இருந்தால் சொல்லிக்கொள்ளுங்கள், நான் பட்டறையில்தான் இருப்பேன். என் மனைவியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

சின்னவனிடம் மட்டும் இதைக் காட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காட்டினாலும் பிரயோசனமில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவான், “அத்தான், டாக்டர் என்னென்னமோ சொல்றாங்க, நிஜமா?” என்று கேட்பான். பாவம், எவ்வளவு நாள்தான் அவனும் பயந்துகொண்டே இருப்பான்? உன் காதில் ஒரு குறையும் இல்லையடா, எல்லாம் அந்தக் கிட்டார் செய்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். நான் சொன்னால் நம்பிவிடுவான்.